சாவி போடாமல் உள்ளே போன படி

அக்காவின் மணிக்கட்டு உடைந்த அன்று மாலையே, தப்பு யாருடையது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. வக்கீலும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்து வாடைக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

தங்கச்சியை ஊரில் கண்ணாடிக்காரி என்பார்கள். கடை வைத்து உட்காராமல், ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கி அதில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டுக் கொடுப்பவள். முந்தைய சொந்தக்காரர் அந்த வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றினாராம். படுக்கை, அடுப்பு, குளியலறை என்று ஒரு வீடே உள்ளே இருந்தது. இவள் படுக்கையைக் கழற்றிவிட்டுப் பரிசோதனை நாற்காலியைப் போட்டாள். அடுப்பு இருந்த இடத்தில் ஃபிரேம் அலமாரி வந்தது. தொழிற்சாலை, முதியோர் இல்லம், லாரி நிறுத்தம் என்று கண் மங்கியவர்கள் இருக்கும் இடத்துக்கெல்லாம் வண்டியே போகும்.

அந்த வண்டியின் வாசல் தரையிலிருந்து உயரம். அதனால் ஒரு மின்சாரப் படி உண்டு. கதவைத் திறந்தால் வண்டிக்கு அடியிலிருந்து நாக்கை நீட்டுவதுபோல வெளியே வரும். சாத்தினால் உள்ளே போய்விடும். நாள் முழுக்க ஆள் ஏறி இறங்கும் இடத்தில் இப்படி அது வந்து போய்க்கொண்டிருந்தால் ஆகாது என்பதற்காகக் கதவோரம் ஒரு சுவிட்ச். அதை அணைத்துவிட்டால் கதவு திறந்தாலும் மூடினாலும் படி நீட்டியது நீட்டியபடி நிற்கும். ஒரே ஒரு விதிவிலக்கு. சாவி போட்டு இன்ஜினை உயிர்ப்பித்தால், படி அந்த சுவிட்சின் பேச்சைக் கேட்காது. கதவைச் சாத்தியதும் உள்ளே போய்விடும். படியை நீட்டிக்கொண்டே யாரும் வண்டியை ஓட்டிவிடக் கூடாதே.

அன்று ஒரு தொழிற்சாலை முற்றத்தில் முகாம். அக்கா முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். கடை விடுமுறை நாளில் தங்கச்சிக்கு ஒத்தாசையாக வந்து வரிசையை ஒழுங்குபடுத்துவாள். காலை முழுவதும் கதவைக் கொக்கி போட்டுத் திறந்தே வைத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் சுடுகாற்று கிளம்பி மண்ணை வாரி உள்ளே அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்காரி நாற்காலிக்கு மேலே இருந்த சின்ன ஃபேனைப் போட்டாள். “அக்கா, போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, லென்ஸ் பூரா மண்ணு” என்றாள்.

அக்கா ஒரு கையில் ஃபிரேம் பெட்டியோடு படியில் இறங்கி நின்றாள். முழங்கையால் கதவைச் சாத்தினாள். காலுக்கடியில் இருந்த படி உள்ளே போய்விட்டது.

சத்தம் கேட்டுக் கண்ணாடிக்காரி கதவைத் திறந்தபோது, படி ஒன்றும் அறியாத பிள்ளைபோல மறுபடி வெளியே வந்து நின்றது. கீழே சிமென்ட் தரையில் அக்கா. சுற்றிலும் ஃபிரேம்கள். அக்காவின் வலது கை, கை இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது.

“படி போயிடுச்சுடி” என்றாள் அக்கா. அழக்கூட இல்லை. ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

கண்ணாடிக்காரி சுவிட்சை அணைத்திருந்தாள். வண்டியை நிறுத்தியதும் அவள் செய்யும் முதல் வேலையே அதுதான். சாவி அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் அக்காவின் வீட்டுக்காரர், “சுவிட்சை ஆஃப் பண்ணியிருந்தா எப்படிம்மா உள்ள போகும்?” என்று கேட்டபோது, அவளுக்குப் பதில் தெரியவில்லை.

“ஆஃப் பண்ணேன் மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“நீங்க பாத்தீங்களா தம்பி?” என்று அவர் கண்ணாடிக்காரியின் கணவரிடம் திரும்பினார். சம்பவம் நடந்தபோது முற்றத்தின் மறுகோடியில் தண்ணீர் கேன் பிடித்துக்கொண்டிருந்தவர் கணவர். ஓடி வந்து முதலில் வண்டிக்குள் ஏறிப் பார்த்ததும் அவர்தான்.

கணவர் தரையைப் பார்த்தார். “சரியா கவனிக்கல. ஆன்ல இருந்த மாதிரிதான் இருந்துச்சு” என்றார்.

அந்த ‘மாதிரி’ கண்ணாடிக்காரியின் தொண்டையில் மீன்முள்போல மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அக்காவின் மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். விரல்கள் வீங்கிப்போயின. கத்தரிக்கோல் பிடிக்க எப்போது முடியும் என்று கேட்டதற்கு மருத்துவர், முதலில் டம்ளர் பிடியுங்கள் என்றார். அக்கா கடையில் கூலிக்கு வைத்த ஒரு பெண்ணின் தயவில் காலம் தள்ள ஆரம்பித்தாள். வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்து, “அக்கா வெட்டலையா, அப்ப அடுத்த வாரம் வர்றேன்” என்று நழுவினார்கள்.

கண்ணாடிக்காரி பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா அதே இடத்துக்குத்தான் வந்து நின்றாள். “ஒரு சுவிட்ச். ஒரே ஒரு சுவிட்ச். ஊர்ல உள்ளவன் கண்ணையெல்லாம் பாக்குற. உன் மூக்குக்கு நேரா இருக்குறது உனக்குத் தெரியல.”

“நான் ஆஃப் பண்ணேன்க்கா.”

“அப்ப என் கை சும்மா உடைஞ்சுச்சா? எனக்கு வேண்டுதலா?”

வீட்டுக்கு வந்தால் கணவர் பரிவோடு பேசினார். அதுதான் இன்னும் மோசம். “விடு. வேலை மும்முரத்துல மறந்திருப்ப. யாருக்கும் நடக்குறதுதான்.” தலையைத் தடவிக் கொடுத்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. ஏனென்றால், மெதுவாக, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடினோமா என்று பாதிக் குளியலில் எழுந்து வருவாள். ஒருவருக்கு லென்ஸ் பவரைச் சொல்லிவிட்டு, அவர் போன பிறகு கூப்பிட்டு மறுபடி பரிசோதித்தாள். “என்ன மேடம், கண்ணு அதுக்குள்ள மாறிடுமா?” என்று அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

ஒருநாள் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து, சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். படி நின்றது. மறுபடி. நின்றது. உதைத்தாள், ஆட்டினாள், கதவை ஓங்கி அறைந்தாள். படி அசையவில்லை. வண்டி அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல இருந்தது. அப்போது வந்த கோபம்தான் அவளைக் காப்பாற்றியது. வண்டி மேல் கோபம், அக்கா மேல் கோபம், தன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு ‘மறந்திருப்பியோ’ என்று கேட்ட அந்தக் குரல் மேல் கோபம். சாவியைப் போட்டு, வண்டியை நேராக ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

எலெக்ட்ரீஷியன் முதுகுவலிக்காரர். கீழே குனியும்போது ஒரு முனகல், நிமிரும்போது ஒரு முனகல். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. இங்க வர்ற எல்லாருமே ‘நான் தொடவே இல்ல, அதுவா ஆச்சு’ன்னுதான் சொல்வாங்க.”

“நான் தொட்டேன் அண்ணே. தொட்டு ஆஃப் பண்ணேன். அதைத்தான் சொல்றேன்.” அவள் குரலில் இருந்த சூட்டில் பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“சரி சரி. பாத்துருவோம்.”

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் பேட்டரி. கரண்ட் குறைந்தால் இந்தப் பெட்டிகள் குடிகாரன்போல நடந்துகொள்ளும் என்றார். பேட்டரி நன்றாக இருந்தது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. அட்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, முனகிக்கொண்டே டெஸ்ட் லைட்டை நீட்டினார். எர்த் வயர் பிடித்திருந்த போல்ட் துருப்பிடித்திருந்தது. “இதான் உங்க ஆளு” என்று உற்சாகமாகச் சுரண்டினார். சுரண்டிய பிறகும் படி முன்புபோலவே ஒழுங்காக நடந்துகொண்டது. சுரண்டுவதற்கு முன்பும் அது ஒழுங்காகத்தானே இருந்தது. கதவு மூடியதைப் படிக்குத் தெரிவிக்கும் கதவோரத்துக் காந்தத்தைக் கழற்றி வேறொன்றை வைத்துப் பார்த்தார். அடியில் இருந்த கனெக்டரைப் பிரித்தார். முனைகளில் பச்சை பூத்திருந்ததைத் துடைத்தார். வயர்களைப் பிடித்து ஆட்டினார். சுவிட்ச் அணைந்திருக்கும்வரை படி நின்ற இடத்தில் நின்றது. சாவியைப் போட்டுப் பார்த்தார். கதவைச் சாத்தியதும் படி உள்ளே போனது. அதுதான் முறை.

எழுந்து கையைத் துடைத்தார். “எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். சுவிட்ச் ஆன்ல இருந்திருக்கணும். இல்ல சாவி போட்டிருக்கணும். மூணாவது வழி கெடையாது.”

“சாவி என் பையில இருந்துச்சு.”

“அப்ப சுவிட்ச்.”

“அண்ணே.” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “என் அக்கா, என் மாமா, என் வீட்டுக்காரர் எல்லாரும் இதைச் சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்றதுக்கா இங்க வந்தேன்? சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு, சாவி பையில இருந்துச்சு, படி உள்ள போச்சு. இந்த மூணும் நெஜம்னு வச்சுக்கிட்டு யோசிங்க. அப்படி நடக்கணும்னா என்ன ஆகியிருக்கணும்?”

எலெக்ட்ரீஷியன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்போதுதான் உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தார் என்று அவளுக்குப் பட்டது.

“சாவி போட்டா ஒரு வயர்ல கரண்ட் வரும். அது படிக்கு ‘வண்டி கெளம்புது’ன்னு சொல்ற வயர். சாவி போடாமலே அந்த வயர்ல கரண்ட் வரணும்னா... வேற எங்கிருந்தோ அதுக்குள்ள பூந்திருக்கணும். புதுசா ஏதாச்சும் மாட்டினீங்களா? லைட்டு, கேமரா, சார்ஜர்?”

“இல்லையே” என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

ஃபேன்.

முகாமுக்கு முந்தின நாள்தான் அவள் கணவர் அதை மாட்டியிருந்தார். அவர் பிளம்பிங் சாமான் கடையில் கணக்கு பார்ப்பவர். ஆனால் கையில் ஸ்குரூடிரைவர் கிடைத்தால் வீட்டில் எதையும் விட்டுவைக்க மாட்டார். கைதட்டினால் எரியும் விளக்கு, மழை வந்தால் கத்தும் மணி என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார். அக்கா அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்து, ஒவ்வொரு குடும்ப விசேஷத்திலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவரும் கூடவே சிரிப்பார். விபத்து நடந்த இரண்டொரு நாளில் அந்த ஃபேன் ஓடவில்லை. கேட்டதற்கு, “மோட்டார் எரிஞ்சிடுச்சு, மாத்திடறேன்” என்றிருந்தார்.

“அன்னைக்கு மதியம் ஃபேன் போட்டேன் அண்ணே. மொதத் தடவையா.”

எலெக்ட்ரீஷியன் எழுந்தார். இந்த முறை முனகவில்லை.

ஃபேனுக்குப் போகும் வயர் கதவுக்குப் பின்னால் இருந்த பலகைக்குள் போனது. பலகையைக் கழற்றக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. சாத்தினார்கள். சுவிட்ச் அணைந்திருந்ததால் படி வெளியே நின்றது. பலகையை எடுத்ததும் உள்ளே எல்லாம் வருஷக்கணக்கான தூசி. வயர்கள், கிளிப்புகள், ஒரு செத்த பல்லி, எல்லாம் ஒரே பழுப்பு. அதற்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் புத்தம் புதிய கறுப்பு டேப், இப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோலப் பளபளத்தது.

எலெக்ட்ரீஷியன் டேப்பை உரித்தார். உள்ளே வெட்டப்பட்ட வயர். செம்பு முனை மங்கக்கூட இல்லை. அதன் மறுபாதி பக்கத்திலேயே, அதற்கும் தனியாக டேப் சுற்றி, ஒரு கிளிப்புக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

“இது எரிஞ்ச ஃபேன் இல்ல மேடம். கழுத்தை அறுத்த ஃபேன்.”

ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார். தலைக்கு மேலே ஃபேன் சுழல ஆரம்பித்தது. சுவரில் இருந்த எழுத்து அட்டை படபடத்தது. அதே நேரம் காலுக்குக் கீழே, வண்டியின் வயிற்றிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிர்ரென்று. படி உள்ளே போய்விட்டது.

சாவி அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். அணைந்திருந்தது.

“எனக்குப் பைத்தியம் இல்ல” என்றாள். அவளையறியாமல் வந்த வார்த்தை.

எலெக்ட்ரீஷியன் விளக்கினார். ஃபேன் வண்டி ஓடும்போதும் ஓட வேண்டும், நிற்கும்போதும் ஓட வேண்டும் என்று மாட்டியவர் ஆசைப்பட்டிருக்கிறார். அதனால், இன்ஜினோடு சேராமல் உள்ளே இருக்கும் சாமான்களுக்கென்று வைத்த உள் பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து, அந்த வழியாகப் போன சாவி வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டார். இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஃபேன் சுவிட்சைப் போட்டால் உள் பேட்டரி கரண்ட் பின்பக்கமாகச் சாவி வயருக்குள் ஏறிப் படியிடம் போய், வண்டி கிளம்புகிறது என்று பொய் சொல்லும். முன்னால் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் ஒன்று அந்தக் கரண்டை வழிமறித்ததால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

“மாட்டினது தெரியாத்தனம். நான் எத்தனையோ பாத்திருக்கேன்” என்றார். பிறகு வெட்டிய முனையைத் திருப்பிப் பார்த்தார். “ஆனா இதை வெட்டினவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை அவள் அங்கேயே இருந்தாள். வண்டியைக் கழுவி வைக்கிறேன் என்று கணவர் மட்டும் வீட்டுக்குப் போனார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று அப்போது நினைத்திருந்தாள்.

போன் அடித்தது. அவர்தான். “வண்டியைக் காணோமே, எங்க இருக்க?”

“எலெக்ட்ரீஷியன் பட்டறைல.”

“எதுக்கு அங்கெல்லாம்... இரு, நான் வர்றேன்.”

அவ்வளவு சீக்கிரமாக அவர் எங்கும் வந்ததில்லை. தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்து வண்டிக்குள் ஏறினார். கதவு திறந்திருந்ததால் படி வெளியே இருந்தது. பலகை மறுபடி மாட்டப்பட்டிருந்தது. வயரைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தாள். எலெக்ட்ரீஷியன் வெளியே நின்று, வேறு வேலை இருப்பதுபோல ஒரு பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு? ஏதாவது கண்டுபிடிச்சாரா?” என்றார் கணவர். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“ஒன்னும் இல்லங்க. ஒரு டெஸ்ட் பண்ணணும். நீங்க இறங்குங்க.”

“என்ன டெஸ்ட்?”

“படியில இறங்கி நில்லுங்க. நின்னுட்டு, அப்படியே கதவைச் சாத்துங்க. அக்கா சாத்தின மாதிரி.” அவள் உள்ளங்கையை விரித்துச் சாவியைக் காட்டினாள். “சாவி இங்க இருக்கு. சுவிட்ச் ஆஃப். நீங்களே பாருங்க, ‘மாதிரி’ இல்ல, நெஜமாவே ஆஃப். பயப்பட ஒன்னுமில்லையே? மிதிங்க.”

அவர் வாசலில் நின்றார். படியைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை, தலைக்கவசத்தின் விளிம்பு வழியாக இறங்கியது. வெளியே எலெக்ட்ரீஷியன் பல்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“மிதிங்க.”

கணவர் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படியில் கால் படாமல், அதைத் தாண்டித் தரைக்குக் குதித்தார்.

கண்ணாடிக்காரியும் அவர் பின்னாலேயே இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“உனக்குத் தெரியும்.”

“கேளு, நான் வேணும்னே...”

“ஃபேன் மாட்டினதை நான் கேக்கல. அது தெரியாம செஞ்சது. வயரை வெட்டினியே, அதைக் கேக்குறேன். வெட்டி, டேப் சுத்தி, ஒளிச்சு வச்சுட்டு, வீட்டுக்கு வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தியே. அதைக் கேக்குறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ‘நீ’ என்றதில்லை. ‘ங்க’ உதிர்ந்து போனதை இரண்டு பேருமே கவனித்தார்கள். அதைப் பொறுக்கி எடுக்க அவள் குனியவில்லை.

“ஆஸ்பத்திரியிலேயே சந்தேகம் வந்துடுச்சு” என்றார் அவர். “மறுநாள் போய்ப் பாத்தேன். பாத்ததும் கை கால் ஓடல. உங்க அக்கா ஏற்கெனவே விஞ்ஞானி விஞ்ஞானின்னு... இது தெரிஞ்சா நான் அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாது. நீன்னா... நீ அவ கூடப்பொறந்தவ. ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவான்னு நெனச்சேன்.”

“விடலையே. பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். நாள் போகப் போக...”

“நான் பூட்டைப் போய்ப் போய் இழுத்துப் பாத்தேனே, அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? என் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே நம்பினேன். டாக்டர்கிட்ட போலாமான்னு உன்கிட்டத்தானே கேட்டேன்? என்ன சொன்ன? ‘போயிட்டு வரலாம், தப்பில்ல’ன்னு சொன்ன.” அவள் குரல் உடைந்தது. அழுகையால் அல்ல. அவ்வளவு கோபத்துக்கு அந்தத் தொண்டை போதவில்லை. “அக்கா கைய உடைச்சது வயரு. என்னை உடைச்சது நீ.”

அவர் அழ ஆரம்பித்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பென்றால் அவளுக்கும் அழுகை வந்திருக்கும். இன்று, இதென்ன புது ஷோ என்றுதான் தோன்றியது.

“கண்ணைத் துடைச்சுட்டு உக்காரு வண்டில. அக்கா கடைக்குப் போறோம்.”

“இப்பவா? கடையில ஆளுங்க இருப்பாங்களே.”

“ஆஸ்பத்திரியிலயும் ஆளுங்க இருந்தாங்க.”

எலெக்ட்ரீஷியன் அந்த வயரை உடனே சாவி வயரிலிருந்து பிரித்து, ஃபேனுக்குத் தனி ஃப்யூஸ் போட்டுத் தனி வழி கொடுத்தார். வேலை முடியும்வரை கணவர் ஸ்டூலில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியன் அவளிடம், “மேடம், நானும் சுவிட்ச்னுதான் சொன்னேன்” என்று தயங்கினார். “சொன்னீங்க. அப்புறம் காது கொடுத்துக் கேட்டீங்க” என்றாள் அவள்.

அக்காவின் கடையில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கூலிக்கு வந்த பெண்ணுக்கு வாயால் வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். பின்னால் வந்தவரைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில், “வாங்க விஞ்ஞானி” என்றாள்.

“அந்தப் பேரை இப்பச் சொல்லாத” என்றாள் கண்ணாடிக்காரி. “அவர் பேசட்டும்.”

கணவர் பேசினார். முதலில் சுற்றி வளைத்தார். வெயிலைப் பற்றி, ஃபேனைப் பற்றி, நல்ல எண்ணத்தைப் பற்றி. கண்ணாடிக்காரி, “வயரு” என்றாள். அவர் வயரைப் பற்றிச் சொன்னார். நிறுத்தினார். “வெட்டினது” என்றாள். வெட்டியதையும் சொன்னார். நுரை பூசிய ஆள் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சவரக்கத்தி அவர் கழுத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

அக்கா எழுந்தாள். அவர் பக்கத்தில் போய், உடைந்த கையை அவர் முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினாள். விரல்களை மடக்க முயன்றாள். பாதிதான் மடங்கின.

“இதை நான் மன்னிச்சுடுவேன் தம்பி. சத்தியமா. ஃபேன் மாட்டினது எதுக்கு, எங்க ரெண்டு பேருக்கும் காத்து வரட்டும்னுதானே மாட்டின. ஆனா இவளை நான் என்னென்ன சொன்னேன் தெரியுமா? நீயும் அங்கதானே உக்காந்திருந்த? டீ குடிச்சுக்கிட்டு? என் வாயால இவளைத் திட்ட வச்சுட்டு, நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டின.” அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “வெளிய போ. என் கடை வாசல்ல நிக்காத. யாவாரம் கெடும்.”

அவர் போனார்.

அக்கா தங்கச்சி பக்கம் திரும்பினாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு காலி நாற்காலியை இடது கையால் தட்டினாள். “உக்காரு. முடி கண்றாவியா இருக்கு. நான் சொல்றேன், இவ வெட்டுவா.”

“இன்னைக்கு வேணாம்க்கா.”

“ஏன்?”

“உன் மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. நீ என்னை ஒரு தடவைகூட நம்பல. சின்ன வயசுல இருந்து நான் எதையாச்சும் மறந்து பாத்திருக்கியா?”

“மறந்ததில்ல” என்றாள் அக்கா. “நான்தான் மறப்பேன்.”

“அது போகட்டும். கொஞ்ச நாள் ஆகும். அப்புறம் வர்றேன்.”

“வருவியா?”

“வருவேன். வேற யாரு எனக்கு முடி வெட்டுவா?”

கணவர் அன்றே ஒரு பையை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். போகச் சொன்னது அவள்தான். போவதற்கு முன் வீட்டில் அவர் மாட்டிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போகச் சொன்னாள். அவர் நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினார். கைதட்டும் விளக்கைக் கழற்றும்போது மட்டும், “இதுல ஒன்னும் பிரச்சனை இல்லையே” என்றார்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள். அவர் அதையும் கழற்றிக் கீழே வைத்தார்.

அடுத்தடுத்த நாட்களில் மாமா போன் செய்து மன்னிப்புக் கேட்டார். வேறு சொந்தங்கள் போன் செய்து, “ஆம்பளைங்க அப்படித்தான், மனசுல வச்சுக்காத” என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவளைத் திரும்பிப் பார்த்த அதே ஆட்கள். அவர்களுக்கு அவள் பதிலே சொல்லவில்லை, போனை மேஜையில் வைத்துவிட்டு அவர்கள் பேசி முடிக்கும்வரை பாத்திரம் துலக்கினாள்.

அந்தத் தொழிற்சாலையில் முகாமைத் தொடரச் சொல்லி அழைப்பு வந்தது. கிளம்பும் காலையில் வாசலில் கணவர் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். கையில் தண்ணீர் கேன்.

“தனியா எப்படிச் சமாளிப்ப? நான் வர்றேனே. பின்னாடி உக்காந்திருக்கேன். பேசக்கூட வேணாம்.”

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கோபம் ஆறியிருக்கிறதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். ஆறவில்லை. அடுப்பில் வைத்த கல்போலக் கொதித்தது.

“எப்பத்தான் மன்னிப்ப?” என்றார்.

“தெரியல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நான் சொல்ல மாட்டேன்.”

தண்ணீர் கேனை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பி, வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள். முதல் திருப்பத்தில் ஒரு லாரி வழிவிடாமல் நின்றது. அவள் ஹார்னை அழுத்தினாள், லாரிக்காரர் எட்டிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.